கலைந்த எழுத்துகளிலிருந்து சொல்லைக் கண்டுபிடித்தலும் பொருளறிதலும்: முழுமையான வழிகாட்டி

‘ம், ச, வெ, ச், ளி’ என்று ஐந்து எழுத்துகளைக் கொடுத்து, இவற்றை முறைப்படுத்தி ஒரு சொல் ஆக்குக என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் எழுத்துகளை இடம் மாற்றி மாற்றி வாய்க்குள் சொல்லிப் பார்க்கத் தொடங்குகிறோம். ஐந்து எழுத்துகளை 120 விதமாக அடுக்கலாம். ஆறு எழுத்துகளானால் 720 விதம், ஏழு எழுத்துகளானால் 5040 விதம். குருட்டாம்போக்கில் அடுக்கிக்கொண்டே போவது பொறுமையைச் சோதிக்குமே தவிர, மொழியைக் கற்றுத்தராது. ஆனால் தமிழில் எந்த எழுத்து சொல்லின் முதலில் நிற்கும், எது இறுதியில் நிற்கும், எந்த மெய்க்குப் பின் எந்த எழுத்து வரும் என்பனவற்றைத் தொல்காப்பியமும், 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலும் விதிகளாகவே எழுதி வைத்திருக்கின்றன. தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன அந்த விதிகளைக் கையில் எடுத்துக்கொண்டால், மேலே உள்ள 120 அடுக்குகள் இரண்டாகச் சுருங்கிவிடும். அது எப்படி என்பதையும், கண்டுபிடித்த சொல்லின் பொருளை எப்படி நிலைநிறுத்திக்கொள்வது என்பதையும் படிப்படியாகப் பார்ப்போம்.

எதை ஓர் எழுத்து என்று கொள்வது?

தமிழ்ப் புதிர்களில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் எழுத்து. ‘கொ’ என்பதில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகத் தெரிந்தாலும் அது ஓரெழுத்துதான். ‘வாழைப்பழம்’ என்பதில் வா, ழை, ப், ப, ழ, ம் என ஆறு எழுத்துகள். இதைச் சொல்லவேண்டிய தேவை என்ன என்று தோன்றலாம். கைபேசியில் வரும் சில புதிர்களில் கொம்பு ஒரு கட்டத்திலும் அதற்குரிய எழுத்து வேறொரு கட்டத்திலும் அநாதையாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து. கணினியின் ஒருங்குறியிலோ அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. நிரல் எழுதியவர் குறியீடுகளை எழுத்துகள் என்று எண்ணிக் கலைத்துவிட்டால் புள்ளி தனியே பறக்கும். அத்தகைய புதிரில் மாட்டிக்கொண்டால் உங்கள் தமிழறிவை நொந்துகொள்ளாமல் அடுத்த புதிருக்குப் போய்விடுங்கள்.

முதற்படி: கொடுத்த வரிசையைக் கலைத்துவிடுங்கள்

புதிரில் எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும் வரிசையே நம் கண்ணைக் கட்டிப்போடுகிறது. ‘ம், ச, வெ’ என்று இரண்டு முறை படித்துவிட்டால் மனம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். ஆகையால் எழுத்துகளை ஒரு தாளில் வட்டமாக எழுதிக்கொள்ளுங்கள். வட்டத்துக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. குழந்தைகளோடு செய்வதானால் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதித் தரையில் பரப்பலாம். மெய்யெழுத்துகளை மட்டும் சிவப்பு மையில் எழுதுவது என் வழக்கம். புதிரை அவிழ்ப்பதில் பாதி வேலையை மெய்களே செய்கின்றன என்பதால், அவை முதலில் கண்ணில் படவேண்டும்.

இரண்டாம் படி: முதலையும் முடிவையும் அடைத்தல்

உயிரெழுத்து ஒன்று கிடந்தால் அதுவே சொல்லின் முதல் எழுத்து. செய்யுளில் வரும் அளபெடையைத் தவிர, அ முதல் ஔ வரையான எழுத்துகள் சொல்லின் நடுவில் தனித்து வருவதில்லை. ‘ர், சி, ஆ, ய, ரி’ என்று கொடுத்தால் ‘ஆ’ முதலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆசிரியர் என்ற விடை உடனே கிடைத்துவிடும்.

உயிர் இல்லையென்றால், எவை முதலில் வரமாட்டா என்று கழித்துக்கொண்டே வாருங்கள். எந்த மெய்யும் சொல்லைத் தொடங்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டின் குடும்பத்தைச் சேர்ந்த உயிர்மெய்களும் தமிழ்ச் சொற்களைத் தொடங்கா. க, ச, த, ந, ப, ம ஆகியவை தாராளமாகத் தொடங்கும். வகரம் தொடங்கும், ஆனால் வு, வூ, வொ, வோ என்ற வடிவங்களில் தொடங்காது. யகரத்தில் ‘யா’வும் ஞகரத்தில் ‘ஞா’வும்தான் இன்று பெரும்பாலும் கண்ணில் படும்: யானை, யாழ், ஞாயிறு, ஞாலம். நகரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது சொல்லின் முதலிலோ, ‘ந்’ என்ற மெய்யாகித் தகரத்துக்கு முன்போ வரும். ‘பிறந்தநாள்’ போன்ற கூட்டுச்சொற்களைத் தவிர வேறிடங்களில் அரிது. எனவே குவியலில் ந, நா, நி போன்ற ஓர் எழுத்து கிடந்தால் அதை முதலிடத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

முடிவுக்கு வருவோம். க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்கள் ஆறும் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நில்லா; ‘ங்’கும் நில்லாது. இன்றைய வழக்கில் சொல்லை முடிக்கும் மெய்கள் ண், ம், ன், ய், ர், ல், ழ், ள் என்ற எட்டுதான். கு, சு, டு, து, பு, று ஆகியவை கிடந்தால் அவையும் இறுதிக்கு உரியவையாக இருக்கலாம். பருப்பு, கிணறு, விளையாட்டு என்று குற்றியலுகரத்தில் முடியும் சொற்கள் தமிழில் ஏராளம்.

இந்த விதிகள் தமிழ்ச் சொற்களுக்கானவை. ரயில், லட்டு, டம்ளர், பஸ் போன்றவை விதியை மீறித்தான் நம் வாயில் புழங்குகின்றன. ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலோ, எந்த விதிக்கும் குவியல் அடங்காமல் முரண்டு பிடித்தாலோ, அது கடன்சொல்லாக இருக்கக்கூடும் என்று சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் படி: ஒவ்வொரு மெய்க்கும் துணை தேடுதல்

இதுதான் புதிரின் உயிர்நாடி. நன்னூல் இதை மெய்ம்மயக்கம் என்று அழைக்கிறது. க், ச், த், ப் ஆகிய நான்கும் தம் இனத்தோடு மட்டுமே சேரும்: ‘க்’குக்குப் பின் ககர வரிசை, ‘ச்’சுக்குப் பின் சகர வரிசை. வேறெதுவும் அங்கே நுழைய முடியாது. ட், ற் இரண்டும் தம் வரிசையோடும், அது தவிர க, ச, ப வரிசைகளோடும் சேரும்: வெட்கம், கட்சி, நுட்பம், கற்க, பயிற்சி, கற்பு. மெல்லினத்தில் ‘ங்’ பெரும்பாலும் ககரத்தையும், ‘ஞ்’ சகரத்தையும், ‘ந்’ தகரத்தையும் தேடிப் போகும். ‘ம்’முக்குப் பகரமும் மகரமும் நெருக்கம். ‘ண்’ணுக்கு டகரமும் ‘ன்’னுக்கு றகரமும் பிறவித் துணை, இவ்விரண்டும் நண்பன், பெண்மை, அன்பு, நன்மை என்று வேறு எழுத்துகளோடும் சேரும் என்பதால் சற்று எச்சரிக்கை தேவை. ர், ழ் இரண்டும் ஒருபோதும் இரட்டிக்கமாட்டா.

இப்போது தொடக்கத்தில் கொடுத்த ஐந்து எழுத்துகளுக்குத் திரும்புவோம்: ம், ச, வெ, ச், ளி. இங்கே ‘ச்’சுக்குத் துணையாக இருப்பது ‘ச’ ஒன்றே. எனவே ‘ச்ச’ என்பது பிரிக்கமுடியாத ஒரு துண்டு. அந்தத் துண்டு மெய்யில் தொடங்குவதால் முதலில் வராது, ‘ளி’யும் வராது. முதலிடம் ‘வெ’க்கு மட்டுமே. ‘ம்’முக்குப் பின் நிற்கப் பகரமோ மகரமோ இல்லை, எனவே அது இறுதிக்குப் போகிறது. நடுவில் எஞ்சியிருப்பவை ‘ளி’, ‘ச்ச’ என இரண்டு துண்டுகள். ஆக, வெளிச்சம் அல்லது வெச்சளிம். எது சொல் என்று சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்று: சி, மு, ற், ய. ‘ற்’றுக்குப் பின் வரத் தகுதியுள்ளது ‘சி’ மட்டுமே. ‘ற்சி’யை ஒரு துண்டாக்கி, அது முதலில் வராது என்று கழித்தால், 24 அடுக்குகளில் எஞ்சுபவை நான்கு: யமுற்சி, முற்சிய, யற்சிமு, முயற்சி.

தொடக்கநிலையில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வராது என்று நினைத்துக்கொண்டு, ‘சி, ர், ள, வ, ச்’ போன்ற குவியலில் ‘ர்’ரை வலிந்து இறுதியில் தள்ளிவிடுவார்கள். ய், ர், ழ் ஆகிய மூன்றுக்கும் பின்னால் இன்னொரு மெய் வரலாம் என்பது விதி: நாய்க்குட்டி, வேர்க்கடலை, வாழ்க்கை. அதை நினைவில் வைத்திருந்தால் ‘ர்’ரும் ‘ச்சி’யும் ஒட்டிக்கொண்டு வளர்ச்சி என்ற சொல் எழுந்து நிற்கும்.

ஆய்தம் கிடைத்தால் கொண்டாடுங்கள். தனிக் குறிலுக்குப் பின்னும் வல்லின உயிர்மெய்க்கு முன்னும்தான் அது வரும். எஃகு, அஃது என்பவற்றைப் பாருங்கள். அதன் இடம் முன்பே எழுதி ஒட்டப்பட்டதுபோல உறுதியானது.

நான்காம் படி: நீண்ட சொற்களை உடைத்தல்

ஆறு எழுத்துக்கு மேல் போனால் முழுச் சொல்லையும் ஒரே வீச்சில் பிடிக்க முயலவேண்டாம். பெரும்பாலும் அது இரண்டு சொற்களின் கூட்டாக இருக்கும். ‘ழ, ச், று, சூ, ல், ற், சு’ என்ற ஏழு எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். ‘ல்’ இறுதிக்கு ஏற்றது. ழகரமும் றகரமும் முதலில் வரா. முதலிடத்துக்குப் போட்டியிடுபவை சு, சூ இரண்டுமே. இப்போது குவியலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறு சொல்லைத் தேடுங்கள். ‘சூழல்’ என்பது கண்ணில் படுகிறது. அதை எடுத்துவிட்டால் எஞ்சுபவை சு, ற், று, ச். முதல் மூன்றும் ‘சுற்று’ என்று தாமாகவே கூடிக்கொள்கின்றன. மிச்சமாக ஒரு ‘ச்’.

இந்த மிச்ச மெய்யை எரிச்சலோடு பார்க்காதீர்கள். இரண்டு சொற்கள் சேரும்போது இடையில் மிகும் வல்லின ஒற்று அது. வருமொழி, அதாவது இரண்டாவதாக வந்து சேரும் சொல், எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதே இனத்து ஒற்றுதான் மிகும். ஆகவே மிஞ்சியது ‘ச்’ என்றால் இரண்டாம் பகுதி சகர வரிசையில் தொடங்குகிறது என்று பொருள். ‘க்’ என்றால் ககரத்தில். சுற்று, ச், சூழல்: சுற்றுச்சூழல். எழுதும்போது ஒற்று போடவேண்டுமா வேண்டாமா என்று தடுமாறுகிறவர்களுக்கு, பத்து நாள் இந்தப் புதிரை ஆடுவது பத்து பக்க விதிகளைப் படிப்பதைவிட அதிகம் உதவும் என்பது என் அனுபவம்.

ஐந்தாம் படி: விடை ஒன்றுதானா என்று சோதித்தல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறை வகுப்பில் ‘ம், க, ந, ர’ என்ற நான்கு எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதினேன். நகரம் என்பது நான் எதிர்பார்த்த விடை. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி ‘நரகம்’ என்று எழுதியிருந்தாள். பழக்கதோஷத்தில் அதைத் தவறு என்று குறித்துவிட்டேன். “ஏன் சார் தப்பு? எல்லா எழுத்தும் இருக்கே” என்றாள். என்னிடம் பதில் இல்லை. மேலே சொன்ன எல்லா விதிகளையும் அவள் விடையும் நிறைவேற்றுகிறது: ‘ந’ முதலில், ‘ம்’ இறுதியில். அன்றிலிருந்து குறிப்புச்சொல் இல்லாமல் நான் புதிர் கொடுப்பதில்லை.

இப்படி இரட்டை விடை தரும் குவியல்கள் தமிழில் இன்னும் உண்டு. த, வ, ம் என்பது தவமும் ஆகும், வதமும் ஆகும். வா, ச, ல் என்பது வாசலும் ஆகும், சவாலும் ஆகும். இவற்றில் சவால் உருது வழியாக வந்த சொல். அங்கே அதற்குக் கேள்வி என்று பொருள். வாசலோ ‘வாயில்’ என்பதன் பேச்சு வடிவம். இல்லத்தின் வாய் என்பது ‘இல்வாய்’ என்றல்லவா இருக்கவேண்டும்? அது முன்பின்னாக மாறி ‘வாயில்’ என்று நிலைத்துவிட்டது. ‘இல்முன்’ என்பதும் அவ்வாறே ‘முன்றில்’ ஆயிற்று. இலக்கணநூலார் இதை இலக்கணப்போலி என்பர். சொல்லுக்குள் எழுத்துகளே இடம் மாறிக்கொண்டதும் உண்டு: விசிறி சிவிறியாகவும், வண்டைக் குறிக்கும் ஞிமிறு மிஞிறாகவும் வழங்கின. எழுத்தைக் கலைத்து ஆடும் ஆட்டத்தை மொழி நமக்கு முன்பே ஆடிப் பார்த்திருக்கிறது. புலவர்களும் விடவில்லை, தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் கூறும் சித்திரகவிகளில், அதாவது எழுத்துகளைக் கொண்டு விளையாடும் செய்யுள் வகைகளில், எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவதற்கு எழுத்து வருத்தனம் என்றும், குறைத்துக்கொண்டே போவதற்கு அக்கரச் சுதகம் என்றும் பெயர்.

ஆறாம் படி: பொருளைத் தேடுதல்

சொல்லைக் கண்டுபிடித்ததோடு புத்தகத்தை மூடிவிட்டால் அது வெறும் பொழுதுபோக்கு. பொருளுக்குப் போகும்போது அகராதியை உடனே திறக்கவேண்டாம்; முதலில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கண்ணாடி என்பது கண், ஆடி என்று பிரியும். ஆடி என்றாலே பழந்தமிழில் உருவம் காட்டும் பொருள்தான். தண்ணீர் என்பது தண்மை, நீர் என்று பிரியும். அதாவது குளிர்ந்த நீர். வெம்மையான நீர் வெந்நீர். ‘சூடான தண்ணீர்’ என்று அன்றாடம் சொல்கிறோமே, அதிலுள்ள வேடிக்கை சொல்லைப் பிரித்தவருக்கே தெரியும்.

அடுத்து, அந்தச் சொல்லின் சுற்றத்தைக் கூட்டுங்கள். முயற்சியின் வேர் ‘முயல்’. ‘ல்’ ஈறு ‘சி’ என்னும் விகுதியோடு சேரும்போது ‘ற்’ ஆகிறது. பயில் பயிற்சியாகவும் சுழல் சுழற்சியாகவும் ஆவது இதே வழியில்தான். வேரின் இறுதி ரகரமாகவோ ழகரமாகவோ இருந்தால் ‘ச்சி’ சேர்கிறது: வளர்ச்சி, நிகழ்ச்சி. ஆக ஒரு புதிரை அவிழ்த்ததன் பயனாக ஐந்து சொற்கள் கைக்கு வந்துவிட்டன. ‘முயற்ச்சி’ என்று தவறாக எழுதும் பழக்கமும் போய்விடும், ஏனெனில் ‘ற்’றுக்குப் பின் இன்னொரு மெய் வராது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

பிறகுதான் அகராதி. இன்றைய வழக்கிலுள்ள சொல்லுக்கு, 1992இல் முதற்பதிப்பு வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நல்ல துணை. எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு பொருள் தருகிறது. இலக்கியச் சொல்லுக்கும் வழக்கொழிந்த பொருளுக்கும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியைப் பார்க்கவேண்டும். அகராதியைப் புரட்டும்போது ஒரு நுணுக்கம்: புள்ளியுள்ள எழுத்து, அதன் உயிர்மெய்க்கு முன்னால் வரும். ‘அக்கம்’ முதலில், ‘அகம்’ பிறகு. போட்டித் தேர்வுகளில் அகர வரிசைப்படுத்தும் வினாவில் மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பழைய பொருளும் புதிய பொருளும் வேறுபடும் சொல் கிடைத்தால் அதில் சற்று நேரம் தங்குங்கள். சூழல் என்பதன் வேர் ‘சூழ்’. அதன் சுற்றத்தில் சூழ்நிலையும் உண்டு, சூழ்ச்சியும் உண்டு. இன்று சூழ்ச்சி என்றால் சதி. திருக்குறளின் 671ஆம் குறளிலோ அது ஆராய்ந்து எண்ணுதல் என்ற நல்ல பொருளில் நிற்கிறது. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் சுற்றிவந்து சிந்திப்பது என்ற கருத்து, காலப்போக்கில் ஒருவரைச் சுற்றி வளைப்பதாகச் சாய்ந்துவிட்டது போலும்.

இவ்வளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். கலைந்த எழுத்துகள் இடப்பக்கம். சொல், அதன் பிரிப்பு, சுற்றம், நீங்களே அமைத்த ஒரு வாக்கியம் ஆகியவை வலப்பக்கம். மறுநாள் வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு இடப்பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லைக் கண்டுபிடியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். வாக்கியம் நினைவுக்கு வந்தால் பொருள் தங்கிவிட்டது என்று கொள்ளலாம். அகராதி வரியைப் பார்த்து எழுதுவதில் பயன் குறைவு. சொந்த வாக்கியம் கோணலாக இருந்தாலும் மனத்தில் நிற்கும்.

பயிற்சிக்கு நான்கு

குறிப்புச்சொற்களோடு நான்கு குவியல்கள் இதோ. ச், லு, சை, எ, மி: புளிப்பு. ட், யா, டு, வி, ளை: மைதானம். த, நா, ற, ள், பி, ந்: ஆண்டுக்கு ஒருமுறை. னை, து, ம, வ, த், ரு, ம: நோயாளி. கடைசிக் குவியலில் மகரம் இருமுறை வருவதால் அடுக்குகள் 5040லிருந்து 2520 ஆகக் குறைகின்றன. ஆனாலும் ‘த்’துக்குத் துணை தேடுவதிலிருந்து தொடங்குவதுதான் குறுக்குவழி. விடைகள் முறையே எலுமிச்சை, விளையாட்டு, பிறந்தநாள், மருத்துவமனை.